ஒதுக்கிய ராஜா

மகள் புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து, ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவினாள். அந்த மணத்தில், இடிக்கப்பட்டுக் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் மொரப்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் எழுந்து வந்தது. சரக்கு வண்டி போகும்போதெல்லாம் நடுங்கும் தட்டுகளும், மதியம் சமையல் முடிந்ததும் பாயில் எதிரெதிரே உட்காரும் அம்மாவும் பக்கத்து வீட்டு ரோசி அக்காவும்.

அவர்கள் ஆடியது எகார்த்தே. காரைக்காலில் பிறந்த அக்காதான் அதைக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் அதற்கு ‘ஒதுக்கியது’ என்று அர்த்தமாம். வேண்டாத சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கிவிட்டு வேறு வாங்கலாம். ஒதுக்கியதை யாரும் பார்க்கக் கூடாது.

“கவுத்து வெச்சதத் தொடாத கண்ணு” என்பாள் அம்மா.

அந்த ஆட்டத்தில் ராஜாதான் உயர்ந்த சீட்டு. புருஷன் தண்டவாள வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ராஜாவை ஒதுக்கினால் அவன் வீடு திரும்ப மாட்டான் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் எப்படியோ ஒரு நம்பிக்கையைச் சேர்த்திருந்தார்கள். தோற்றாலும் ராஜாவைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

அப்பாவின் பெல்ட் பட்டு அம்மாவின் மணிக்கட்டு கன்றியிருந்த ஒருநாள், இருவரும் டீ போட எழுந்தபோது, அம்மா ஒதுக்கியதைப் புரட்டினேன். ராஜா. மறுநாளும் ராஜா இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கும் தனக்குமாக இரண்டே தட்டுகளை எடுத்து வைத்தாள். வாசலில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“வந்துட்டீங்களா” என்றபடி எழுந்துபோய், மூன்றாவது தட்டை எடுத்து வந்தாள்.