வெர்லின் ஸ்டோர்டால் செய்த தோட்டா

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கடைத் தோட்டா வாங்குகிறவர்களை வெர்லின் ஸ்டோர்டால் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சுட்டு முடித்த பித்தளை ஓடுகளைப் பொறுக்கி, அச்சில் இறுக்கி, வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தானே தோட்டா செய்வதுதான் அவர் முழுநேரப் பிழைப்பு. அதைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பெரிய பிழைப்பு. மனைவி கோரீன் முப்பத்தொரு வருடமாகக் கேட்டு வருகிறாள். காதுக்குள் ஒரு கதவு வைத்திருந்தாள், வேண்டும்போது சாத்திக்கொள்வாள்.

அந்த வருடம் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடும் அனுமதிக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. பத்தொன்பது வருடம் விண்ணப்பித்த பிறகு விழுந்த பெயர். இனி அவள் ஆயுளில் விழுமோ விழாதோ. அவருக்கு ஒருமுறையும் விழுந்ததில்லை. "அதிர்ஷ்டத்துக்குக் கண்ணு கிடையாது" என்றார். ஆனாலும் தோட்டா தன் கையால்தான் என்று இருபது செய்து கொடுத்தார்.

வேட்டைக்கு நான்கு நாள் முன்பு, சுட்டுப் பார்க்கும் திடலில் அவள் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டு மூடவில்லை. தோட்டா முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. மூன்று தோட்டா, மூன்றும் அப்படியே.

வெர்லின் முதலில் அவள் கையைக் குறை சொன்னார். பிறகு துப்பாக்கியை. பிறகு அதை விற்ற அவள் அண்ணனை. வீடு திரும்பும் வழியில் பித்தளை செய்த ஆலை, எண்ணெய், ஈரக்காற்று என்று ஊரெல்லாம் குற்றவாளியாயிற்று. அவர் பட்டறை மேசை மட்டும் மிச்சம்.

மறுநாள் அவர் காபிக்கடைக்குப் போனதும், மேசையில் கிடந்த காலி ஓடு ஒன்றை எடுத்தாள் கோரீன். அவர் இறுக்கி வைத்தது, இன்னும் மருந்து வைக்காதது. கறுப்பு மார்க்கரால் முழுக்கப் பூசி, தன் துப்பாக்கியில் நுழைத்து, பூட்டை அழுத்தி, வெளியே எடுத்தாள். ஓடு கழுத்தாகக் குறுகும் தோள் வளைவில் மை வழித்தெடுத்த மாதிரி போயிருந்தது. கழுத்தில் அப்படியே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடெல்லாம் அவர் துப்பாக்கியில் சுட்டவை. அதன் வயிற்றுக்கு, தோட்டா அமரும் அறைக்கு, ஏற்றபடி உப்பியவை. அவர் ஓட்டின் கழுத்தை மட்டும் இறுக்கி, தோளைத் தொடாமல் விட்டிருக்கிறார்; முழுக்க இறுக்குவது சோம்பேறிகள் வேலை என்பது அவர் பிரசங்கம். அவர் துப்பாக்கிக்கு அது பொருந்தும். அவள் துப்பாக்கி அவருடையது அல்லவே.

திரும்பி வந்தவரிடம் ஓட்டைக் காட்டினாள்.

"பேனாவால கிறுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"பாடம் இல்ல. தோள் இடிக்குது, பாரு."

"உன் துப்பாக்கி அறை குறுகல். அரம் வச்சு ராவணும்."

"இல்ல வெர்லின். நீ உனக்குத் தச்ச சட்டையை எனக்குப் போடச் சொல்ற."

அவர் ஓட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்த பிறகும், தோளையும் இறுக்க அச்சை அரைச்சுற்று இறக்கினால் ஓடு பலவீனமாகும், தலை கழன்றுவிடும் என்று பேசிக்கொண்டே இருந்தார். அளவோடு இறக்கினால் கழலாது என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கோரீன் கதவைச் சாத்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். ஒரு பெட்டித் தோட்டா வாங்கினாள், திடலில் ஐந்து சுட்டாள். பூட்டு வெண்ணெயாக மூடியது. ஐந்தும் ஒரே கையகலத்தில் விழுந்தன.

பெட்டியைப் பார்த்த வெர்லின், அந்தக் குப்பையோடு தான் வேட்டைக்கு வரமாட்டேன் என்றார். சரி என்று தன் தங்கை லவோனை அழைத்துப் போனாள். இரண்டாம் நாள் காலை, வில்லோப் புதர் நடுவே முழங்கால் தண்ணீரில் காளை மூஸ் நின்றது. ஒரே தோட்டா.

தூக்க ஆள் வேண்டுமே என்று லவோன் கூப்பிட, வெர்லின் மதியத்துக்குள் வந்து சேர்ந்தார். செத்துக் கிடந்த மூஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து காயத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் தாழப் பட்டிருக்கு" என்றார்.

கோரீன் அறுத்தெடுத்த பின்னந்தொடையை, இருப்பதிலேயே கனமானதை, அவர் தோளில் ஏற்றிவிட்டு, வண்டி நிற்கும் மேட்டைக் கையால் காட்டினாள்.