ஒரு தொண்டையில் இரு குரல் கொண்ட எங்கள் அத்தான்

அத்தான் மறைந்த முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அவரைப் பாட்டால் அறிவீர்கள். மற்றவற்றை எழுதும்படி அக்கா என்னைப் பணித்தார்.

மங்கோலியாவுக்கு வடக்கே உள்ள துவாவில், ஆடு மேய்க்கும் குடும்பத்தில் அத்தான் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். அடித்தொண்டையில் ஒரு சுருதியை நிறுத்தி, அதன் மேல் புல்லாங்குழல் போல இன்னொரு குரலை எழுப்பும் அந்நாட்டுப் பாட்டை மேய்ச்சல் நிலத்தில் கற்றார். இசைக்குழு ஒன்றுடன் ஜேர்மனிக்கு வந்து, குழு கலைந்தபின் பிராங்பேர்ட் ரயில் நிலைய வாசல்களில் பாடிப் பிழைத்தார். பிறகு ஹனோவரில் பொதிகள் ஏற்றும் வேலை கிடைத்தது. மாலை நேர டொச் மொழி வகுப்பில் அக்காவைச் சந்தித்தார்.

மார்க் போய் யூரோ வந்த ஆண்டில் திருமணம் நடந்தது. அதுவரை இவ்வூர்த் தமிழர் நிகழ்வுகளில் பதிகம் பாடுபவன் நான் ஒருவனே. வரவேற்பிலும் பாடினேன். அடுத்து அத்தான் தொடங்கியதும் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர் பதறிப்போனார்.

"ஸ்பீக்கர் இரையுது, நிப்பாட்டுங்கோ!"

வயரைக் கழற்றினார். இரைச்சல் நிற்கவில்லை. அது அத்தானின் குரல் என்று விளங்கியதும் மண்டபமே எழுந்து கைதட்டியது. என் பதிகத்தை எவரும் நினைவுகூரவில்லை.

பின்னர் லைப்சிக் தேவாலயம் வரை அவரைப் பாட அழைத்தார்கள். முதியோர் இல்லங்களில் ஊதியமின்றிப் பாடினார். அம்மா அவரைத் "தம்பி" என்றே அழைத்தார். எங்கள் வீட்டில் அதுவரை அந்தப் பெயர் என்னுடையது.

அம்மா நோயுற்றுக் கிடந்தபோது அருகிலிருந்து பாடினேன். ஒரு பதிகம் முடியுமுன், "பாடினது காணும் ராசா, களைச்சுப் போனாய். தம்பி வேலையால வந்திட்டானோ?" என்றார்.

"ஓம் மாமி, வந்திட்டன்," என்று அத்தான் கட்டிலோரம் அமர்ந்தார். குட்டியைச் சேர்க்காத தாய் ஆட்டை இணங்கவைக்க அவர்கள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதைப் பாடினார். அம்மா அவர் கையைப் பிடித்தபடி உறங்கினார்.

சென்ற ஆண்டு நுரையீரல் நோய் அத்தானின் குரலைப் பறித்தது. என்னைப் பாடச் சொல்லிக் கையசைப்பார். கண்களை மூடி, இறுதி வரி வரை கேட்பார். கேட்பதிலும் அவர் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

அவரது இறுதிக் கிரியையில் நான் பாடினேன். சுருதி ஓரிடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் அயல்வீட்டு அன்ரி என் கையைப் பற்றினார்.

"நல்லாப் பாடினீர். எண்டாலும், இண்டைக்கு அவர் பாடியிருந்தா எப்பிடி இருந்திருக்கும்!"

"ஓம் அன்ரி," என்றேன்.

அத்தானைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், தொலைவிலிருந்து வந்த உறவினர், நண்பர்கள், அன்று என் பாட்டைக் கேட்டபடியே அத்தானின் குரலைத் தேடிய அனைவருக்கும் குடும்பத்தினர் சார்பில் நன்றி.