அப்பப்பாவுக்கு ஏற்ற கல்

என் பெரியப்பாவுக்குப் பெருமையடிக்க ஓர் ஊர் வேண்டும். சொந்த ஊர் கைக்கெட்டாமல் போனதால், இங்கிலாந்தில் தான் கடை வைத்திருந்த சின்னக் கடலோரக் கிராமத்தைத் தத்தெடுத்துக்கொண்டார். ஜெர்மனியில், எசன் நகரில் இருந்த எங்களுக்குத் தொலைபேசி எடுத்தால் அந்த ஊர்க் கல்லைப் பற்றித்தான் முதல் பேச்சு. லண்டன் தெருக்களுக்கு அங்கேதான் கல் உடைத்தார்களாம், பாறைத் தட்டிலிருந்து நேரே கப்பலில் இறக்கினார்களாம். கேட்பவர்களுக்கு, உளி பிடித்தது அவருடைய பூட்டன் என்றே தோன்றும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. இரண்டு மகன்மாராலும் போக முடியவில்லை. செத்தவீட்டை அயலவர்கள்தான் பார்த்தார்கள். மிச்சமிருந்தது அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள், செத்தவரை ஒரு கல்லில் எழுந்தருளச் செய்து, கிரியை முடிந்ததும் அந்தக் கல்லைத் தண்ணீரில் விடவேண்டும். ஊரில் என்றால் கீரிமலைக் கடல். எசனில் கடலுக்கு எங்கே போவது? காரில் ஏறிப் பெரியப்பாவிடம் போனோம். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தியேட்டிக்கு உள்ளங்கையில் அடங்குகிற கல் போதும். பெரியப்பாவோ பழைய கற்குழியில் யாரோ சதுரமாக அறுத்துக் கைவிட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். அது அம்மாவின் ஆட்டுக்கல்லைவிடப் பெரிது.

“அண்ணை, சின்னக் கல்லே காணுமெல்லோ?” என்றார் அப்பா.

“ஐயான்ரை உயரமென்ன, நடையென்ன. அவருக்குக் கூழாங்கல்லோ வைக்கிறது?”

அப்பா குனிந்து கல்லின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கடைக்கு வாடிக்கையாக வருகிறவர், இங்குள்ள கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதே என்றார். வீட்டுக்கல்ல, கடலுக்கு என்றார் பெரியப்பா. அந்தக் காலத்தில் எல்லாக் கல்லும் அங்கேதானே போனது என்று சொல்லிவிட்டுக் கிழவர் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

கிரியை கற்குழியிலேயே நடந்தது. லண்டன் குருக்கள் அவ்வளவு தூரம் வர ஏலாதென்று கைத்தொலைபேசியில் மந்திரம் சொன்னார். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. பெரியப்பா தனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைப் பாடி மிச்சத்தை நிரப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தொடையில் கிள்ளினார்.

பிறகு கல்லைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

“கடையிலை தள்ளுவண்டி இருக்கெல்லோ. அதிலை வைச்சுத் தள்ளுங்கோவன்,” என்றார் அம்மா.

“வேண்டாம்,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். எதிலும் ஒத்துப்போகாத சகோதரர்கள் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

கல்லைச் சாக்கில் கட்டித் தடியில் தொங்கவிட்டு, முன்னே பெரியப்பாவும் பின்னே அப்பாவுமாகத் தோளில் தூக்கினார்கள். கால் இடறியது, மூச்சு வாங்கியது. ஆனால் ஓரிடத்திலும் கீழே வைக்கவில்லை. அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கல் இறக்கிய அதே பாறைத் தட்டில் நின்று கல்லைக் கடலில் விட்டார்கள். பெரியப்பா குழந்தைப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயந்துபோனேன்.

ஜெர்மனிக்குத் திரும்புகிற கப்பலில் அப்பாவால் கையை உயர்த்த முடியவில்லை. தோள் கன்றிச் சிவந்திருந்தது. அம்மா தைலப் போத்தலோடு பக்கத்தில் போனார்.

“விடும். நோவு இருக்கட்டும்,” என்றார் அப்பா.

தள்ளுவண்டியையும் வேண்டாமென்று, தைலத்தையும் வேண்டாமென்று, இதென்ன வீம்பு என்று நினைத்தேன். ஊரில் பாடை தூக்கக் கொடுத்துவைக்காத தோள் அது என்று எனக்கு அப்போது தெரியாது.