குடிதண்ணீர் என்று விழுந்த சீட்டு

நெல் ஊறிய தண்ணீர் தேங்கிப் புளித்தால் எழும் நாற்றத்தை அறிந்தவர்களுக்கு, எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் மழைக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரைஸ் மில்லின் பின்சுவரிலிருந்து வழிந்த அந்த "ஊறத்தண்ணி" நேராகக் காலனிப் பக்கம்தான் போகும்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த சரித்திர டீச்சர், இருவர் இருவராகச் சேர்ந்து ஊரைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கண்டறிந்து, பள்ளிக் கண்காட்சியில் அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார். எனக்கும் காலனியிலிருந்து வந்த தேவகிக்கும் குடிதண்ணீர் என்று விழுந்தது. டீச்சர் எங்களை உத்திரமேரூர் நூலகத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போய், தடித்த சுகாதாரப் புத்தகத்தில் வேண்டியதை மட்டும் தேடி எடுப்பது எப்படி என்று காட்டினார். நாங்கள் எழுதிக்கொண்டு போகும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "யார் சொன்னது? நீ பார்த்தியா? இன்னொருத்தரைக் கேட்டியா?" என்பார்.

தேவகியின் அம்மா குப்பம்மா, மில் களத்தில் நெல் காயவைப்பவர். "மய பேஞ்சா மில்லுத் தண்ணி எங்க கெணத்துலதான் எறங்கிக்கினு கீது. இன்னா பண்றது, அத்தத்தான் குடிக்கிறோம்" என்றார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதையே சொன்னார்கள். அடுத்த மழையில் நாங்களே போய் நின்று பார்த்தோம்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தேவகியின் தம்பி வாந்திபேதியில் இறந்திருந்தான். அவன் மில் தண்ணீரால் செத்தான் என்று தேவகி எழுதி, யார் சொன்னது என்ற இடத்தில், "நான் பார்த்தேன். என் மடியில்தான் இருந்தான்" என்று எழுதியிருந்தாள்.

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "தண்ணி கலக்கறதைப் பார்த்தோம், தம்பி இறந்ததைப் பார்த்தோம். அதாலதான்னு நம்மகிட்ட ஆதாரம் இல்லம்மா. தெரிஞ்சவரைக்கும் எழுதுவோம்" என்றார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் தேவகி. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு திருத்தி எழுதினாள்.

கண்காட்சியைத் திறந்து வைக்க வந்தவர் மில் முதலாளி. எங்கள் அட்டையை நிதானமாகக் கடைசிவரை படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு வூடு?" என்று சாந்தமாகத்தான் கேட்டார்.

"குப்பம்மா பொண்ணுங்க. உங்க களத்துலதான் எங்கம்மா வேல செய்யுது" என்று கைகட்டிச் சொன்னாள் தேவகி. ஏதோ பாராட்டப் போகிறார் என்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

மத்தியானமே அட்டையைக் கழற்றிவிட்டார்கள். மறுநாள் குப்பம்மாவைக் களத்துக்குள் விடவில்லை. வேறு யாரும் வேலை கொடுக்கவும் இல்லை. பொங்கலுக்குள் அந்தக் குடும்பம் செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போனது. எங்கள் அட்டையின் நகலோடு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்த டீச்சரை, பரீட்சைக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் காலனியில் கைப்பம்பு போட்டார்கள். அந்த நகலைப் பார்த்துப் போட்டார்களா, தேர்தல் வந்ததால் போட்டார்களா, தெரியவில்லை.

இப்போது மில் இல்லை. அந்த இடம் மனைகளாகிவிட்டது. கிணற்றையும் மூடிவிட்டார்கள். போன மாதம் காலனியில் ஒரு வயதான அம்மாவிடம் தேவகியைப் பற்றிக் கேட்டேன். கண்ணை இடுக்கி யோசித்துவிட்டு, "சூளைக்குப் போனவங்களா? அதுங்க யாரும் திரும்பி வர்லியேம்மா" என்றார்.