வடை வாங்கிய செலவு

அந்த மென்பொருளில் 'பயணம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று தெரிவுகள் இருக்கின்றன: பஸ், ஆட்டோ, சொந்த வண்டி. நான்காவதாக ஒன்று இருந்தது. அதை நீக்கச் சொன்னார்கள். அதைப் பற்றி நிதானமாக எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தொண்டு நிறுவன ஊழியர்கள் கைக்காசு போட்டுச் செய்த செலவை அலுவலகத்திடம் திரும்பக் கேட்பதற்கு ஒரு மென்பொருள். அதைத் திட்டமிடுவது என் பொறுப்பு. முதல் வாடிக்கையாளர் அருப்புக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை. என் வீடு பக்கத்துப் பாளையம்பட்டியில் என்பதால், என்ன வேண்டும் என்று கேட்டு வர என்னையே அனுப்பினார்கள்.

அறக்கட்டளையின் வேலை, கிராமங்களில் கைக்குழந்தைகளை எடை பார்ப்பது. எடை குறைந்தால் தாயிடம் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, மறுபடி போய்ப் பார்ப்பது. பரளச்சிப் பக்கத்து உள்கிராமங்கள் ஓர் அக்காவின் பொறுப்பில் இருந்தன. செலவு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் அவரோடு போனேன்.

பஸ் எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. உள்ளே போகும் பஸ் காலையில் போய்விட்டது, இனி சாயங்காலம்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசலும் சீமைக்கருவேலமும். அக்காவின் தோளில் எடை மெஷின் பை. அவர் நடக்கவில்லை. ரோட்டோரக் கடையில் வடை வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

"பசிக்குதாக்கா?"

"எனக்கில்ல தாயி, வண்டிக்கு."

கரிமூட்டை ஏற்றப் போகும் டிராக்டர் ஒன்று வந்தது. அக்கா கை காட்டினார்.

"யாரு இது, புது டாக்டரம்மாவா?" என்றார் ஓட்டியவர்.

"கம்ப்யூட்டரு. ஒங் கணக்கையும் சேத்துப் பாக்க வந்திருக்கு. பள்ளத்துல விடாம ஓட்டுண்ணே."

இறங்கும்போது நான் நூறு ரூபாயை நீட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது. "வாடகை வண்டின்னு நெனச்சியாத்தா? உள்ள வையி." அக்கா வடைப் பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்து, "பிள்ளைகளுக்குண்ணே" என்றார். அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

"காசு குடுத்தாலும் அடுத்த தடவ நிறுத்த மாட்டாக, வெறுங்கையோட எறங்குனாலும் நிறுத்த மாட்டாக," என்றார் அக்கா. "போறதுக்கு ஒரு பொட்டலம், வாரதுக்கு ஒரு பொட்டலம். ஆபீசுல எழுதிக் குடுத்தா, தின்பண்டம், அனுமதி இல்லைன்னு திருப்பி விட்டுர்றாக."

அன்று ஒரு பெண் குழந்தையை மெஷினில் படுக்க வைத்தார். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. அதன் அம்மாவிடம், "அடுத்த மாசம் வாரேன், கூடியிருக்கணும்" என்று மிரட்டுவதுபோலச் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்காரரு கேக்காக, ஊருப் பிள்ளைக்கு நம்ம காசுல வடையான்னு. இந்தத் தடவையும் பணம் வராட்டி நான் மில்லுக்குப் போயிருவேன்."

அதனால் நான்காவது தெரிவைச் சேர்த்தேன்: 'லிஃப்ட், பதிலுக்கு வாங்கிக் கொடுத்தது.' எந்த ஊரிலிருந்து எந்த ஊர், என்ன வண்டி, என்ன பொருள், ஒரு பயணத்துக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற வரம்பு. இதைவிட ஒழுங்காக ஒரு செலவைக் கேட்க முடியாது.

கூட்டத்தில் அறக்கட்டளையின் செயலாளர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "வடைக்கெல்லாம் சாஃப்ட்வேரா மேடம்?"

கணக்குப் பார்ப்பவர் சேர்ந்துகொண்டார். "இனிமே யக்கா போண்டாவுல திருச்சுழி போகும், பஜ்ஜியில பரளச்சி போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே செயலாளரிடம், "நீங்க மதுரைக்குக் கார்ல போறப்ப திங்கிற பிரியாணி மட்டும் பயணத்துல ஏறிருதே சார், அது எப்படி?" என்றார்.

சிரிப்பு நின்றது. கணக்குப் பார்ப்பவர் சமாதானமாகச் சொன்னார்: "ஆட்டோன்னு போட்டுக்கக்கா. வவுச்சர் நான் தாரேன். யார்ட்டயாச்சும் கையெழுத்து வாங்கிட்டு வந்துரு."

செயலாளர் தலையை ஆட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாங்கிய வடையை எழுதினால் கேலி. ஆட்டோவே போகாத ஊருக்கு ஆட்டோ என்று எழுதினால் பணம். அதை ஏதோ சலுகை காட்டுவதுபோலச் சொல்கிறார்கள்.

"அது பொய் சார்," என்றேன்.

"நடைமுறை மேடம்," என்றார் செயலாளர்.

"போடு தாயி, எனக்கென்ன, காசு வந்தாச் சரி," என்றார் அக்கா.

அதற்கும் வழியில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொய்க் கணக்கு வரக்கூடாது, ஆட்டோ என்றால் வண்டி எண்ணைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே செயலாளர் கேட்டிருந்தார். அந்த விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். அப்படியானால் லிஃப்ட் இருக்கட்டுமா என்று கேட்டேன். நன்கொடை கொடுப்பவர்கள் சிரிப்பார்கள் என்றார்.

"அப்ப அவங்க எப்படிப் போறது சார்?"

"பஸ்ல போகட்டும்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல பஸ்ஸப் போகச் சொல்லுங்க சார், பின்னாடியே நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாடிக்கையாளர் சொன்னதைச் செய் என்று என் நிறுவனம் போனில் சொன்னது. தெரிவை நீக்கினேன். யார் சொல்லி நீக்கினேன் என்பதைத் திட்ட ஆவணத்தில் எழுதி வைத்தேன். கோபத்தை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பாளையம்பட்டியில் ஒரு கடை வாசலில் அக்காவைப் பார்த்தேன். மில் வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். "இங்கயே வந்து ஏத்திக்கிறான், இங்கயே எறக்கி விடுறான். ஒரு வடை வாங்க வேண்டியதில்ல," என்று சிரித்தார். அந்தப் பெண் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. "அதுக்கப்புறம் நான் போகலையே தாயி. போறதுக்கு அவுக யாரையும் போடவுமில்ல."

போன வாரம் செயலாளர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். பரளச்சிப் பக்கம், திருப்பிக் கேட்ட பயணச் செலவு: பூஜ்யம். அனுமதி மறுத்த கோரிக்கை: பூஜ்யம். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. "எப்படிச் சீராயிருச்சு பாத்தீங்களா மேடம்! நன்கொடையாளர்களுக்குக் காட்ட இத ஒரு கிராஃபாப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். கேட்ட அளவு, கேட்ட நிறம். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த மாதங்களில் இந்த ஊர்களுக்கு யாரும் செல்லவில்லை.' அந்த வரியை எடுக்கச் சொல்லி இரண்டு முறை செய்தி வந்துவிட்டது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை கேட்டால், அந்தக் குழந்தையின் கடைசி எடையையும் சேர்த்துப் போடுவதாக இருக்கிறேன்.