எரிவாயு மீட்டர்காரர் ஓட்டோவின் கண்ணாடி அலமாரி

செகெரெஷ் ஓட்டோ முப்பத்தேழு ஆண்டுகள் செகெத் நகரத்து வீடுகளுக்குள் யாரும் அழைக்காமலே நுழையும் உரிமை பெற்றிருந்தார். 1974 முதல் 2011 வரை அவர் எரிவாயு மீட்டர் கணக்கெடுப்பவராக வேலை பார்த்தார். இந்த ஊரின் பழைய குடியிருப்புகளில் மீட்டர் சமையலறைக்குப் பின்னால், சரக்கறையின் மூலையில் இருக்கும். ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே குனிந்து எண்ணைப் படிக்க வேண்டும். அங்கே குனிபவனுக்கு, வீட்டார் மறந்துபோன எல்லாம் கண்ணில் படும்.

ஓட்டோவின் கண் எண்பதுகளின் வீட்டுக் கணினிகளுக்கான விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுகளைத் தேடியது. அந்தக் காலத்தில் கேசட் விளையாட்டுகளை எல்லாரும் எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுத்தோம். கார்ட்ரிட்ஜை அப்படி நகலெடுக்க முடியாது. அது கையடக்கமான பெட்டி, உள்ளே ஒரு சிப். அதனால்தான் அதற்கு மதிப்பு.

அலுவலக நோட்டின் முன்பக்கங்களில் மீட்டர் எண்கள் இருக்கும். பின்பக்கங்களில் வேறு கணக்கு. அதில் எட்டுப் பக்கங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. அவருடைய மனைவி எதெல்கா பிற்பாடு கொடுத்தார். ஒரு பதிவு இப்படி: “நான்கு, பெட்டியோடு. மகன் கனடாவில். பெண்மணிக்கு எழுபத்தொன்று. இருமல்.” அதற்குக் கீழே வேறு மையில், ஏழு மாதம் கழித்து: “முடிந்தது. நான்கும் வந்தன.”

அவர் திருடியதில்லை. அதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்பார், கொடுப்பார்கள். சாவு நடந்த வீட்டுக்கு முதலில் மாலையோடு வருபவரும் அவர்தான், அட்டைப்பெட்டியைச் சுமந்து இறக்கிக் கொடுக்க முன்வருபவரும் அவர்தான்.

2005 அக்டோபர் பதினெட்டாம் தேதிப் பதிவு என் தாயைப் பற்றியது; பார்த்தா எங்கள் குடும்பப் பெயர். “பார்த்தா ரோஷி, மூன்றாம் மாடி. சரக்கறையில் அட்டைப்பெட்டி. கறுப்பு, பெயரில்லாதது ஒன்று. மகன் கெச்கெமேத்தில், எப்போதாவது வருவான்.”

என்ன பேசினார்கள் என்று அம்மா என்னிடம் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்.

“ரோஷி அக்கா, இந்தக் குப்பைய எதுக்கு வெச்சிருக்கீங்க? உள்ள எலி குடும்பமே நடத்துது.”

“என் பையனோடதுப்பா.”

“வேணும்னா பதினெட்டு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்க மாட்டானா?”

அரைக்கிலோ காபித்தூளை மேசைமேல் வைத்துவிட்டு ஓட்டோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்று மாடி சுமந்து இறங்கியதற்காக அம்மா அவருக்கு நன்றி வேறு சொன்னார்.

பெயரில்லாத அந்தக் கறுப்புக் கார்ட்ரிட்ஜில் இருந்தது நான் எழுதிய விளையாட்டு, ‘வெள்ளக்காவலன்’. எனக்கு யாரும் கணினி கற்றுத் தரவில்லை. கொமடோர் 64-இன் ஜெர்மன் கையேட்டின் மங்கிய நகலையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு, ஜெர்மன் தெரியாமலே, பதினான்கு மாதங்களில் எழுதினேன். ஒரு கூட்டுறவு நிறுவனம் வெளியிட ஒப்புக்கொண்டது. ஒப்பந்தப்படி என் கேசட்டுகளையும் எழுத்துப்படியையும் ஒப்படைத்தேன், ரசீது இருக்கிறது. சோதனைக்காக ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் செய்தார்கள். பிறகு நிறுவனம் கலைந்தது, என் கேசட்டுகள் தொலைந்தன, காகிதங்கள் கூழாயின, கார்ட்ரிட்ஜ் மட்டும் தபாலில் திரும்பி வந்தது. என் கணினியை அதற்குள் கல்யாணச் செலவுக்கு விற்றிருந்தேன். அதனால் பெட்டியை அம்மாவிடம் விட்டுப் போனேன். அந்தத் தவறு முழுவதும் என்னுடையது. எழுத்துப்படியில் முதல் மூன்று பக்கங்கள் மட்டும் என்னிடம் தங்கின.

2006 வசந்தத்தில், பண்பாட்டு மன்றத்தில் நடந்த பழங்கணினி அன்பர்கள் கூட்டத்தில், அதை நீல வெல்வெட்டின் மேல் பார்த்தேன். பக்கத்தில் அச்சிட்ட அட்டை: “அறியப்படாத விளையாட்டு. உலகில் ஒரே பிரதி. கண்டெடுத்தவர்: செகெரெஷ் ஓட்டோ.”

“ஓட்டோ அண்ணே, இத எழுதினவன் நான்” என்றேன்.

“எத தம்பி, பிளாஸ்டிக்கையா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கார்ட்ரிட்ஜ் உங்ககிட்டயே இருக்கட்டும். இருபது நிமிஷம் குடுங்க. உள்ள இருக்கறதப் படிச்சு எடுத்துக்கறேன். எழுதினது யாருன்னு முதல் திரையிலேயே இருக்கும்.”

“படிச்சிட்டா நாளைக்கு ஊர்ல இருக்கற நாய் பூனையெல்லாம் வெச்சிருக்கும். உலகத்துலயே ஒண்ணுன்னா அது என்கிட்ட இருக்கற ஒண்ணு. ரெண்டாவது வந்துட்டா அப்புறம் நான் யாரு?”

இதைவிடத் தெளிவாக எந்தச் சேகரிப்பாளரும் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் அதை இயந்திரத்தில் செருகிப் பார்த்தது கூட இல்லை. செருகினால் முனைகள் தேயும் என்பார்.

அப்போதுதான் நான் என் வாழ்வின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். “திறந்து பாருங்க” என்றேன். “சிப்புக்கு மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல பச்சை மையில என் பேரோட முதல் எழுத்துகளும் தேதியும் என் கையெழுத்துல இருக்கு.”

“அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் திறக்கறேன்” என்றார் ஓட்டோ. எல்லாரும் கைதட்டினார்கள்.

இலையுதிர் காலக் கூட்டத்தில் சொன்னபடியே திறந்தார். சின்னத் திருப்புளியால் திருகாணியைக் கழற்றி மேல் மூடியை எடுத்தார். சிப் இருந்தது. ஸ்டிக்கர் இல்லை. நடுவில் வட்டமான கண்ணாடிச் சன்னல் பளபளத்தது. அதைச் சுற்றிச் சதுரமாகப் பசைத் தடம்.

“எங்கப்பா உன் பச்சை மை?”

பசைத் தடத்தைச் சுட்டிக்காட்டினேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை. அன்று முதல் எட்டு ஆண்டுகள் அந்த மண்டபத்தில் எனக்குப் பெயர் பச்சை மை. “பச்சை மை வந்துட்டாரு, சோடா கலந்து ஒரு ஒயின் ஊத்துங்க, தொண்டை காஞ்சு திரியறாரு!” நான் காவல் நிலையத்துக்கும் போனேன். தாய் மனமுவந்து கொடுத்த பொருள் என்று எழுதித் தந்தார்கள். அதுவும் என் கோப்பில் இருக்கிறது.

அந்தச் சிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் சன்னல் அழகுக்காக வைத்ததன்று. அந்த வகைச் சிப்பில் எழுதியதை வெளிச்சத்தால்தான் அழிப்பார்கள். பட்டறையில் இதற்கென்றே உள்ள விளக்கின் கீழ் அரைமணி நேரம் வைத்தால் போதும். சாதாரண டியூப்லைட்டுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். வெளிச்சம் புகாதிருக்கவே ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஓட்டோ பெட்டிகளின் வெளிப்புறத்தை அறிந்தவர். உள்ளே இருப்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சிப்பின் கண்ணாடியும் அதனுள் மின்னும் பொன்னிறமும் அவருக்குப் பிடித்துப்போயின. மூடியைத் திரும்பப் போடாமல், வீட்டுக் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், டியூப்லைட்டுக்கு ஒரு சாண் கீழே அதை நிறுத்தினார். விருந்தாளிகள் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு எரிந்தது.

2007 பிப்ரவரியில் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். நான்கே வாக்கியங்கள். அடுத்த கூட்டத்தில் ஓட்டோ அதை உரக்கப் படித்தார்.

“‘மதிப்பிற்குரிய ஐயா, வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.’ என்னய்யா இது, விளையாட்டா, ரத்தக் காட்டேரியா? பூண்டு மாலை வேற கட்டணுமா?”

மண்டபம் அதிர்ந்தது. நான் எழுதியது உண்மை என்று அறிந்தவர்கள் அங்கே நால்வராவது இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டோவிடம் வேறு கார்ட்ரிட்ஜுகளின் இரட்டைப் பிரதிகள் இருந்தன. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை அவரிடம் எதிர்பார்த்திருந்தார்கள். நானும் இரண்டாவது கடிதம் எழுதவில்லை.

அவர் வெயிலுக்கு மட்டும் பயந்தார். வெயில் பட்டால் பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகும் என்று எல்லாச் சேகரிப்பாளருக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டின் கூடத்தில் 2003 முதல் பதினொரு ஆண்டுகள் திரை விலக்கப்படவில்லை. எதெல்காவின் ஜெரேனியச் செடிகள் முதல் குளிர்காலத்திலேயே செத்தன. ஒருநாள் அந்த அம்மாள் மீன்சூப்பைக் கூடத்து மேசையில் வைத்ததற்கு ஓட்டோ சட்டியோடு எடுத்துத் தொட்டியில் கொட்டினார். ஆவி படுமாம். மகளின் திருமணத்துக்கு அவர் போகவில்லை. அன்று தேப்ரெட்சென் நகரில் பழம்பொருள் சந்தை. இவை எதெல்கா சொன்னவை. எதையும் நான் கூட்டவில்லை.

2014-இல் தெஷோ என்பவர், நாட்டில் உள்ள எல்லாக் கார்ட்ரிட்ஜுகளுக்கும் ஒரு பட்டியல் நூல் தொகுக்க ஆரம்பித்தார். அவருடைய விதி ஒன்றே: திரையின் படம் இல்லாவிட்டால் நூலில் இடமில்லை. இரண்டு மாதம் ஓட்டோ மல்லுக்கட்டினார். வெளிப்புறத்தைப் படம் எடுத்தால் போதாதா என்றார். தெஷோ அசையவில்லை. கடைசியில், ஒரே ஒரு முறை, ஒரே ஒரு படம், அதற்குமேல் இல்லை என்று ஓட்டோ இறங்கி வந்தார். நவம்பர் ஒன்பதாம் தேதி மண்டபத்துக்கு நானும் போனேன். முதல் திரையில் என் பெயர் வரும். வந்தால் தெஷோவின் படத்தில் விழும், நூலில் அச்சாகும். இருபத்தேழு ஆண்டுகளில் நான் கேட்டது அவ்வளவுதான்.

அலமாரியில் அது எட்டு ஆண்டுகள் இருந்ததை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. எண்ணிவிட்டுத்தான் போனேன்.

ஓட்டோ வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கார்ட்ரிட்ஜைச் செருகினார். தெஷோ சுவிட்சைத் தட்டினார். நீலத்திரை வந்தது. வழக்கமான வரவேற்பு வரிகள், கீழே துடிக்கும் சிறு சதுரம். கார்ட்ரிட்ஜ் செருகாத இயந்திரம் எப்படி விழிக்குமோ அப்படி விழித்தது.

“சரியா உக்காரல போல” என்றார் ஓட்டோ. மீண்டும் செருகினார். அதே நீலம்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: “அந்த நம்பரப் பாருங்கய்யா.”

திரையில் இருந்த எண்ணைப் பார்த்தோம். இந்த இயந்திரம் விழிக்கும்போது, தன்னிடம் எவ்வளவு நினைவிடம் காலி என்று சொல்லும். 38911. அந்த மண்டபத்தில் தம் பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தவர்கள் உண்டு, அந்த எண்ணை மறந்தவர் இல்லை. அன்று திரையில் நின்றது 30719. எட்டாயிரத்துச் சொச்சம் குறைவு, ஒரு கார்ட்ரிட்ஜின் அளவு. கார்ட்ரிட்ஜ் சரியாகவே உட்கார்ந்திருந்தது. இயந்திரம் அதற்கு இடம் ஒதுக்கி, உள்ளே பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பியிருந்தது.

தெஷோ சிப்பை எடுத்துப் படிப்பானில் வைத்தார். 255, 255, 255. எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இடங்களிலும் அதுவே. காலிச் சிப்பின் எண்.

“ஓட்டோ அண்ணே, காட்டேரி வந்து குடிச்சிட்டுப் போயிருக்கு போல” என்றார் யாரோ. ஏழு ஆண்டு முன்பு சிரித்தவர்களே இப்போதும் சிரித்தார்கள், அப்போதைவிடச் சத்தமாக. ஓட்டோவின் கையுறைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. எனக்கும் சிரிப்பு வந்தது. நான் பதினான்கு மாதம் எழுதியது அந்த எண்களுக்கு அடியில் கிடந்தது. அதற்காக ஒரு முறைகூட என் கண் கலங்கவில்லை. அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். எதெல்காவும் வந்திருந்தார். ஓட்டோ சிப்பைப் பஞ்சில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

“தம்பி, சிப் அசல். வருஷம் அசல். காலியா இருக்கு, அவ்வளவுதான். காலிச் சிப்புல மறுபடி எழுதலாமாமே, விசாரிச்சேன். நீ எழுதினதுதான? திரும்ப எழுது. யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“நான் எழுதினதுன்னு யார் சொன்னா?”

“நான் சொல்றேன்.”

“காகிதத்துல சொல்லுங்க.”

மேசையில் தாளை வைத்தேன். நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை, அவரே எழுதினார். “‘வெள்ளக்காவலன்’ விளையாட்டை எழுதியவர் பார்த்தா கோர்னேல். பச்சை மை எழுத்துகள் இருந்த ஸ்டிக்கரை 2006 செப்டம்பரில் நான் என் கையால் உரித்து அடுப்பில் போட்டேன்.” கையெழுத்து. நம் நாட்டில் இரண்டு சாட்சிகள் இல்லாத தாள் வெறும் தாள். கீழ்வீட்டுக்காரரை அழைத்து வந்தேன். இரண்டாவது சாட்சி எதெல்கா.

எதெல்கா தாளை முழுவதும் படித்தார். “என்னமோ அடுப்புல போட்ட அன்னிக்கு ராத்திரி அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே, அது இதுதானா?” என்று கணவரைக் கேட்டார். பிறகு அடையாள அட்டை எண்ணோடு, அழகான எழுத்தில் கையெழுத்திட்டார்.

தாளைக் கோப்பில் வைத்து மூடினேன். ஓட்டோ சிப்பை என் பக்கம் நகர்த்தினார்.

“இப்ப எழுது.”

“எனக்கு ஞாபகம் இல்லை.”

“என்ன?”

“அப்ப எனக்கு இருபத்தொரு வயசு. மூணு பக்கந்தான் மிச்சம். ஆறு மாசம் முயற்சி பண்ணிப் பாத்தேன். வரல. அந்தச் சிப்புல இருந்தது மட்டுந்தான் இருந்துச்சு.”

“ஏமாத்திட்டியேடா” என்றார். அறுபத்துமூன்று வயதுக்காரர் அழுவதை அதற்கு முன் நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. நான் கோப்பைத் திறந்து தாளை அவர் முன் வைத்தேன். பார்க்கச் சொன்னேன். திரும்ப எழுதித் தருவதாக அதில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா? அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இல்லை.

எதெல்கா கோட்டைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கிப் போனார், கணவருக்காகக் காத்திருக்கவில்லை. ஓட்டோ வாசலில் நின்று திரும்பினார்.

“அந்த விளையாட்டுல என்னதான் இருந்துச்சு, தம்பி? ஆத்துல வெள்ளம் வருமா? எப்படித்தான் விளையாடுவாங்க?”

“ஒம்பது வருஷம் வெச்சிருந்தீங்களே அண்ணே” என்றேன். “உங்களுக்குத் தெரியாதா?”