இருமச் சொல்கிறவள்

ஆண்கள் அறுவை வார்டில் ஆயாம்மாவுக்கு வாய்தான் பெரிய உத்தியோகம். தரை துடைப்பது, துணி மாற்றுவது, தள்ளுவண்டி தள்ளுவது எல்லாம் சம்பளத்துக்கு. ஆனால் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்கும்போது, என்னைத் தொடக் கூடாது என்று முறுக்கிக்கொள்ளும் நோயாளியை வழிக்குக் கொண்டுவர அவளை விட்டால் ஆளில்லை. அது கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டடம் அவர்களுடைய பல்கலைக்கழகம். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவருக்கும் அங்கே கட்டில் உண்டு. 'இங்கே வரும் ஒவ்வொருவரும் இறைவனின் விருந்தாளி' என்று வாசல் மண்டபத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அதை ஆயாம்மா தன் வசதிக்கு இழுத்துக்கொள்வாள்.

"விருந்தாளின்னா சும்மாவா? இந்தப் புள்ளைங்க உங்களத் தொட்டுப் பாத்துக் கத்துக்கிட்டாத்தான் நாளைக்கு இன்னொருத்தர் பொழைப்பாரு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு வெக்கப்பட்டா முடியுமா?"

எப்பேர்ப்பட்ட முரடனும் குழைந்துவிடுவான். "நான் செபம் பண்ணிக் கேட்டாலும் கிடைக்காத சம்மதம் உன் வாய்க்குக் கிடைக்குது" என்று வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டரே சொல்வார். அன்றைக்கு முழுக்க ஆயாம்மாவுக்குத் தலைகால் புரியாது.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுநர், குடலிறக்கம் என்று அதே வார்டில் வந்து படுத்தார். தொடை இடுக்கில் புடைப்பு. பிள்ளைகள் அதன்மேல் கை வைத்து, "இருமுங்க" என்பார்கள். இருமினால் புடைப்பு எழும்பி விரலில் இடிக்கும். அதுதான் பாடம். மறைக்க வேண்டியது எதையும் மறைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

நாள் முழுக்க ஆயாம்மா, ஆயாம்மா என்று வளைய வரும் பிள்ளைகள். தன் புருஷனை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு நாளைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. நேரே சிஸ்டரிடம் போனாள்.

"அவருக்குத் தொட்டாலே வலி தாங்கல சிஸ்டர். புள்ளைங்க வேண்டாமே."

பச்சைப் பொய். சிஸ்டர் நம்பினார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தாயிற்று. சம்பந்தப்பட்ட மனிதர் அப்போது மருந்து மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார். அவருக்கும் அதே குடலிறக்கம். மாட்டவே மாட்டேன் என்று நின்றவரை ஆயாம்மாதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். பாதிப் பிள்ளைகள் ஓட்டுநரிடம், மீதிப் பேர் கொத்தனாரிடம் என்பது ஏற்பாடு. இப்போது பேராசிரியரோடு வந்த மொத்தக் கூட்டமும் கொத்தனார் தலையில் விடிந்தது. பாவம், அந்த மனிதர் படுத்து இருமினார், எழுந்து நின்று இருமினார், கைதவறிய பிள்ளைக்காக மறுபடி இருமினார். கண்ணை மட்டும் கூரையை விட்டு இறக்கவில்லை.

ஒரு மாணவி திரையைக் காட்டி, "இங்கயும் ஒருத்தர் இருக்காரே?" என்றாள்.

கொத்தனார் முந்திக்கொண்டார். "அவர விட்ருங்கம்மா. நம்ம ஆயாம்மா வீட்டுக்காரரு. தொட்டாலே உசிரு போகுதாம். நான்தான் இருக்கேன்ல, வாங்க, இருமுறேன்."

அழுக்குத் துணிக் கூடையோடு நின்றிருந்த ஆயாம்மாவுக்குச் சுருக்கென்றது. திரைக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷன் விழித்திருந்தார்.

"எனக்கு எங்கடி வலி?"

"மெதுவாப் பேசுங்க."

"அந்த மனுஷன் தொண்டை கம்ம இருமிக்கிட்டு இருக்காரு, என் பேரச் சொல்லி. என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

விடுவிடுவென்று வெளியே வந்து, "சார், எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு, பாக்கலாம்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். இந்தத் தடவையாவது கேட்டாளா? அதுதான் இல்லை.

பேராசிரியர் திரையை விலக்கினார். "சம்மதம் சொல்லிட்டீங்களாமே, ரொம்ப நன்றி."

"நானா? என்னை யாரும் கேக்கலையே சார். இவ கேக்கட்டும். மத்தவங்களக் கேக்குற மாதிரி."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயாம்மா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். வருஷக்கணக்காகச் சரளமாக வந்த பேச்சில் ஒரு சொல் வரவில்லை. முகம் தீயாய் எரிந்தது.

"புள்ளைங்க... பாக்கட்டுமாங்க?"

"பாக்கட்டும். நீ வெளிய போ. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இரும முடியாது."

வெளியே போனாள். புருஷன் இருமுவது கதவைத் தாண்டிக் கேட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு. பாடம் முடிந்து வந்த பிள்ளைகள் எப்போதும் போல, "வர்றோம் ஆயாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு முகத்திலும் கேலி இல்லை. இதற்கா அத்தனை பொய்?

உள்ளே வந்ததும் கொத்தனார் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள்.

"வீட்டுக்காரருக்கு ரொம்ப வலிச்சிருச்சா ஆயாம்மா? நானே சமாளிச்சிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வலியே இல்லண்ணே. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. பொய் சொல்லிட்டேன்."

கொத்தனார் டம்ளரை அப்படியே கையில் வைத்திருந்தார். பிறகு குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார்.

பிற்பகலில் அடுத்த கூட்டம் வந்தது. கொத்தனார் மாட்டேன் என்று தலையசைத்தார். சிஸ்டர் வழக்கம்போல ஆயாம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஆயாம்மா குனிந்து, துடைத்த தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.